11 நாள் லீவு, ஏப்ரல் 30 கெடு: எப்படி எடுப்பது?

மிட்ராண்ட்வாசி
ஜனவரி 6, 2026

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் சாஃப்ட்வேர் வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் என்று மூன்று பேர். இந்த நாட்டுக்கு வந்து மூன்றாவது வருடம் ஓடுகிறது.

நேற்று ஆபீஸ் திறந்ததும் ஹெச்ஆரிடமிருந்து ஒரு மெயில். நான் வேலையில் சேர்ந்தது ஒரு நவம்பர் 1. கம்பெனி வருடத்துக்கு 20 நாள் லீவு கொடுக்கிறது. அக்டோபரோடு முடிந்த ஒரு வருட லீவுச் சுற்றில் 11 நாள் மீதி இருக்கிறதாம். அதை ஏப்ரல் 30க்குள் எடுக்காவிட்டால் கழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் வேண்டுமென்றேதான் சேர்த்து வைத்தேன். அம்மாவைப் பார்க்கப் போனால் ஒரு மாதமாவது கூட இருக்கவேண்டும் என்று ஆசை. அவர்கள் ஞாயிறுதோறும் போனில் கேட்கும் ஒரே கேள்வி "எப்ப வார?" என்பதுதான். நானும் "லீவு சேரட்டும்மா" என்று சொல்லியே இரண்டு வருடத்தைத் தள்ளிவிட்டேன். இப்போது சேர்த்ததும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் பணமாக வாங்கிக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் மொத்தமாக எடுப்பதா, பிரித்து எடுப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சம்பளமேசை
ஜனவரி 6

தம்பி, டர்பனில் 18 வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் திட்டம் போட்டுப் பயனில்லை.

இங்கே லீவுக்கு அடிப்படை 1997ஆம் ஆண்டின் 75ஆம் எண் சட்டம், பேசிக் கண்டிஷன்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட். ஒரு சுற்றுக்கு, அதாவது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும், தொடர்ச்சியாக 21 நாள் சம்பளத்தோடு லீவு. சனி ஞாயிறும் சேர்ந்த கணக்கு அது. வாரம் 5 நாள் வேலை என்றால் 15 வேலை நாள், 6 நாள் வேலை என்றால் 18. உங்கள் கம்பெனி 20 கொடுக்கிறது என்றால் மேலே உள்ள 5 நாள் ஒப்பந்தப்படி வருவது. அதற்கு ஒப்பந்தம் சொல்வதுதான் விதி, எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சுற்று முடிந்து 6 மாதத்துக்குள் லீவைக் கொடுத்துவிடவேண்டும் என்று சட்டம் முதலாளியைத்தான் கட்டுகிறது. உங்கள் ஏப்ரல் 30 அங்கிருந்து வருகிறது. ஆகவே ஹெச்ஆர் அனுப்பிய மெயில் மிரட்டல் இல்லை, கணக்குச் சரிதான். நீங்கள் இன்றைக்கே தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்குச் சாட்சி இருக்கவேண்டும். மேனேஜரிடம் காபி மெஷின் பக்கத்தில் சொன்னேன் என்பதெல்லாம் நாளைக்கு நிற்காது.

பணமாக வாங்க முடியாது. வேலையில் இருக்கும்வரை சட்டப்படியான லீவுக்குப் பதிலாகப் பணம் கொடுப்பது தடை. வேலையை விட்டுப் போகும்போதுதான் மீதி நாளுக்குக் காசு வரும். நோட்டீஸ் காலத்தில் லீவை எடுக்கச் சொல்லிக் கழித்துவிடவும் கூடாது. இதைப் பல பேர் அறியாமல் ஏமாந்திருக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. லீவு நடுவில் வேலை நாளில் அரசு விடுமுறை வந்தால் அந்த நாள் உங்கள் லீவில் கழியாது. இதை வைத்துத்தான் நாள் பார்க்கவேண்டும்.


பெர்க்_நடை
ஜனவரி 6

ப்ரிட்டோரியாவிலிருந்து. சம்பளமேசை அண்ணன் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு காலண்டரோடு உட்கார்ந்தேன்.

இந்த நாட்டில் வருடத்துக்கு 12 அரசு விடுமுறை. ஞாயிறில் விழுந்தால் திங்கள் கிடைக்கும், சனியில் விழுந்தால் போனது போனதுதான். இந்த வருடம் மார்ச் 21 சனி, டிசம்பர் 26 சனி. இரண்டும் நமக்கு இல்லை. ஆகஸ்ட் 9 ஞாயிறு, அதனால் 10ஆம் தேதி திங்கள் விடுமுறை.

உங்கள் கெடுவுக்குள் வருவதைப் பாருங்கள். ஏப்ரல் 3 புனித வெள்ளி, 6 திங்கள் குடும்ப தினம். 7 முதல் 10 வரை 4 நாள் எடுத்தால் 10 நாள் கையில். அப்புறம் ஏப்ரல் 27 திங்கள் சுதந்திர தினம், மே 1 வெள்ளி தொழிலாளர் தினம். நடுவே 28, 29, 30 மூன்று நாள் மட்டும் எடுத்தால் ஏப்ரல் 25 சனியிலிருந்து மே 3 ஞாயிறு வரை 9 நாள். ஆக 7 நாள் லீவுக்கு 19 நாள் வருகிறது.

என் அபிப்பிராயம்: பிரித்து எடுங்கள். நான் நாலு வருடம் லீவு சேர்த்துச் சேர்த்து ஊருக்குப் போய்வந்தேன். போனால் நாலு கல்யாணம், இரண்டு கோவில், பேங்க், ஆதார், பல் டாக்டர். திரும்பி வந்து இறங்கும்போது போனதைவிடக் களைப்பு. இப்போது நான்கைந்து நாளாக எடுத்து டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போகிறேன். துகேலா அருவி 900 மீட்டருக்கு மேலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் ஆறு மாதத்துப் பாரம் இறங்கிவிடுகிறது.


மிட்ராண்ட்வாசி
ஜனவரி 7

இருவருக்கும் ரொம்ப நன்றி. நான் மாதக் காலண்டரை இப்படிப் பார்த்ததே இல்லை.

ஆனால் பெர்க்_நடை, ஒன்று சொல்லவேண்டும். எனக்கு ஊர் களைப்பான இடம் இல்லை. அம்மாவுக்கு 71 வயது. மலை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். கோபமாகச் சொல்லவில்லை, என் நிலைமையைச் சொல்கிறேன்.


பெர்க்_நடை
ஜனவரி 7

புரிகிறது நண்பா. நான் என் கதையை வைத்து உங்களுக்குச் சொல்லிவிட்டேன். எனக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை, போய் இறங்கினால் அண்ணன் வீடுதான். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும்.

அப்படியானால் கணக்கை மாற்றுகிறேன். ஏப்ரல் 7 முதல் 17 வரை 9 வேலை நாள். அதை எடுத்தால் 3ஆம் தேதி வெள்ளியிலிருந்து 19 ஞாயிறு வரை மொத்தம் 17 நாள். நடுவில் 14 செவ்வாய், சித்திரை 1. வருடப் பிறப்பன்று அம்மா வீட்டில் இருப்பீர்கள். சென்னைக்கு இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாயோ தோஹாவோ அடிஸ் அபாபாவோ மாறி, அப்புறம் நெல்லைக்கு ரயில் ஏறவேண்டும். போகவர மூன்று நாள் கழித்தாலும் இரண்டு வாரம் முழுதாகக் கிடைக்கும். ஈஸ்டருக்கு டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும், இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.


ஆயாவின்_பேத்தி
ஜனவரி 7

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கரும்புக் காட்டுக்கு வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை நாங்கள். கோவில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தேன்.

சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்பவளுக்கு இந்தக் காலண்டர் கணக்கு அப்படியே ஒத்துவராது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் என்றால் எங்களுக்கு வேலை இரட்டிப்பு, அப்போது லீவு கேட்டால் கிடைக்காது. உடன்பாடு வராவிட்டால் எப்போது லீவு என்பதை முதலாளி தீர்மானிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத ஒரு வழி உண்டு. 1994ஆம் வருடத்து அரசு விடுமுறைச் சட்டத்தில், தொழிலாளியும் முதலாளியும் ஒத்துக்கொண்டால் எந்த அரசு விடுமுறையையும் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, தைப்பூசமும் இல்லை. அதனால் நான் ஒவ்வொரு வருடமும் ஒரு விடுமுறை நாளில் வேலைக்கு வருகிறேன் என்று எழுதிக்கொடுத்து, பதிலுக்குத் தீபாவளியை வாங்கிக்கொள்வேன். இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு. எனக்கு ஞாயிறும் ஷிஃப்ட் உண்டு, ஆகவே ஜனவரியிலேயே கேட்டு வைத்தாயிற்று. மேனேஜர் நல்ல மனிதர். முன்கூட்டிச் சொன்னால் மறுக்கமாட்டார். ஒரு வாரம் இருக்கும்போது போய் நின்றால் யாராலும் கொடுக்க முடியாது.

இது புதிய வழக்கம் இல்லை. இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் புனித வெள்ளியன்று கூட்டம் கூட்டமாகப் போய் நேர்த்திக்கடன் செலுத்துகிறார்களே, ஏன் அந்த நாள் என்று சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் நம் ஆட்களுக்கு அன்றைக்குத்தான் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது, கிடைத்த நாளை ஆத்தாளுக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்கள் தொடங்கி வைத்த வாழ்க்கை. வெள்ளைக்காரன் பண்டிகைக்கு விட்ட நாளில் தங்கள் சாமியைக் கும்பிட்டார்கள். எனக்கு லீவு ஃபாரம் நிரப்பும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

இன்னொரு விஷயம் முக்கியம். லீவு முழுவதையும் பயணத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். குடும்பப் பொறுப்பு லீவு என்று வருடத்துக்கு 3 நாள் தனியாக உண்டு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது எடுக்கலாம். சாவுக்கு என்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர், அவ்வளவுதான். மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அது தெரியாது. என் மாமியார் இறந்த அன்று ஃபோன் செய்து மூன்று நாள் கேட்டேன், பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. 22 வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். அந்த வருட லீவில் மீதி இருந்தது இரண்டே நாள். தகனத்துக்கு ஒன்று, மூன்றாம் நாளுக்கு ஒன்று. பதினாறாம் நாள் கருமாதியன்று காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கி வைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். மாலையில் வரும்போது வாழை இலையெல்லாம் எடுத்துக் கழுவி முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து வருட லீவில் மூன்று நாளை எப்போதும் தொடாமல் வைத்திருக்கிறேன்.


சம்பளமேசை
ஜனவரி 7

அக்கா சொன்ன பட்டியல் சரி. அது குறைந்தபட்சம்தான். மாமனார் மாமியாரையும் சேர்த்துக் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. வேலையில் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 4 நாளாவது வேலை செய்து, 4 மாதத்துக்கு மேல் ஆனவர்களுக்குத்தான் அந்த 3 நாள்.

உடம்பு சரியில்லாத லீவு வேறு கணக்கு. 36 மாதத்துக்கு, 6 வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்வீர்களோ அத்தனை நாள். 5 நாள் வேலைக்கு 30. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனாலோ, 8 வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தாலோ டாக்டர் சீட்டு இல்லாவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கலாம். வருட லீவில் இருக்கும்போது நிஜமாகவே காய்ச்சலில் படுத்துவிட்டால், சீட்டு வாங்கிக் கொடுத்து அந்த நாட்களை இந்தக் கணக்குக்கு மாற்றச் சொல்லலாம். இரண்டு லீவும் ஒரே நாளில் ஓடக்கூடாது என்பதுதான் சட்டம்.


பெர்க்_நடை
ஜனவரி 8

அது எனக்கே நடந்தது. போன வருடம் மலையில் மழையில் நனைந்து மூன்று நாள் காய்ச்சல், ஹாரிஸ்மித்தில் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கினேன். ஹெச்ஆர் மூன்று நாளையும் திருப்பிப் போட்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

மிட்ராண்ட்வாசிக்கு இன்னொன்று: லேப்டாப்பை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு பக்கம் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள். எது ஓடிக்கொண்டிருக்கிறது, எது எங்கே இருக்கிறது, எதற்கு யாரைக் கேட்கவேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அதை வைத்து இன்னொருவரை வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் சந்தேகங்களையும் அதிலேயே எழுதிவிட்டால் ஃபோன் வராது. நான் இதைச் செய்யாத வருடம் மதுரையில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது மண்டபத்துக்கு வெளியே நின்று சர்வரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.


பழைய_கட்டிங்மேசை
ஜனவரி 8

பிள்ளைகளே, பேரன் படித்துக்காட்டினான், நானும் சொல்ல அவன் அடித்துத் தருகிறான். டர்பனில் துணி ஃபேக்டரியில் கட்டராக 34 வருடம் இருந்தேன்.

எங்களுக்கு லீவு என்றால் டிசம்பர்தான். நடு டிசம்பரில் ஃபேக்டரி மூடும், ஜனவரியில் திறக்கும். நாம் தேதி சொல்கிற பேச்சே கிடையாது. என் மனைவி நர்ஸ். டிசம்பரில்தான் ரோட்டில் விபத்து அதிகம், அவளுக்கு லீவே கொடுக்கமாட்டார்கள். நான் வீட்டில் இருப்பேன், அவள் வார்டில் இருப்பாள். அவளுக்கு மேயில் கிடைக்கும், நான் மேசையில் நிற்பேன். இப்படியே 14 வருடம். பிள்ளைகளை நான் ஒரு தடவை கடலுக்குக் கூட்டிப்போவேன், அவள் ஒரு தடவை கூட்டிப்போவாள்.

புதுச் சட்டம் வந்தபின் யூனியன் ஆள் ஒருவர் சொன்னார், டிசம்பருக்கு எல்லாவற்றையும் கொடுக்காதே, ஐந்து நாளை வேறு மாதத்தில் கேட்டுப் பார் என்று. கேட்டேன். சூப்பர்வைசர் ஒரு மாதம் இழுத்துச் சரி என்றார். அவளும் ஜூலையில் அதே ஐந்து நாள் கேட்டு வாங்கினாள். தெற்குக் கரையில் பார்க் ரைனியில் ஒரு அறை எடுத்தோம்.

மூன்றாம் நாள் காலை கடல்பறவைகள் கூட்டமாக விழுந்து விழுந்து எழுந்தன. ஜனங்கள் ஓடினார்கள். சாளை மீன் கரைக்கு வந்துவிட்டது. வலைக்காரர்கள் இழுத்த வலையிலிருந்து மீன் வழிந்து அலையோடு காலில் மோதியது. என் மனைவி, வார்டில் அவ்வளவு கண்டிப்பானவள், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். வாளி கிடையாது. போட்டிருந்த கார்டிகனைக் கழற்றி அதில் மீனை அள்ளிக் கட்டினாள். அறைக்கு வந்து கல்லுப்பு, மிளகாய்த்தூள், புளி. அவ்வளவுதான் சாமான். அந்தக் கார்டிகனில் வாடை போகவே இல்லை, ஆனாலும் அதை எறியவிடமாட்டாள்.

அதற்கு மறுவருடம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கல்யாணமாகி 27 வருடத்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த லீவு அந்த ஐந்து நாள் மட்டும்தான். நான் முன்னமே கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது.

மிட்ராண்ட் தம்பி, உன் மனைவியும் வேலைக்குப் போகிறவளா? முதலில் அவள் லீவையும் உன் லீவையும் ஒரே காகிதத்தில் எழுது.


மிட்ராண்ட்வாசி
ஜனவரி 9

ஐயா, உங்கள் பதிவை நேற்று ராத்திரி மனைவிக்குப் படித்துக்காட்டினேன். அவள் சென்டூரியனில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். எழுதிப் பார்த்தோம். ஏப்ரலில் அவளுக்கு 8 நாள்தான் கிடைக்கும், எனக்கு 9. அவள் ஒரு நாள் முன்னால் திரும்ப வேண்டியிருக்கும் என்றாள். வேண்டாம், நான் ஒரு நாள் குறைத்துக்கொண்டு மூவரும் சேர்ந்தே வருவோம் என்று முடிவு செய்தோம். ஏப்ரல் 2 வியாழன் இரவு கிளம்பி 16 வியாழன் திரும்புகிறோம், 17 வெள்ளி இருவரும் வேலைக்கு. மெயில் அனுப்பி, மேனேஜர் ஒப்புதலும் எழுத்தில் வந்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவிடம் தேதி சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, அப்புறம் "புள்ளைக்கு இன்னும் முறுக்கு புடிக்குமா?" என்று கேட்டார்கள்.

11இல் 8 போனால் 3 மீதி. ஏப்ரல் 30க்கு முன்னால் அதையும் எடுக்கவேண்டும். ஆயாவின்_பேத்தி அக்கா, தைப்பூசம் இந்த வருடம் பிப்ரவரி 1 ஞாயிறு. நாங்கள் இங்கே வந்ததிலிருந்து ஒரு காவடி பார்த்ததில்லை. டர்பன் வரலாமா?


ஆயாவின்_பேத்தி
ஜனவரி 9

இது கேட்கவேண்டிய கேள்வியா தம்பி? வாங்க. வியாழன் மாலை கிளம்பாதீர்கள், வான் ரீனன் கணவாயில் இருட்டில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிற லாரி தெரியாது. வெள்ளி விடிகாலை எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம், 570 கிலோமீட்டர்தான். விரதச் சாப்பாடு, வீட்டில் பத்து நாளாகக் கறி மீன் கிடையாது. மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.


மிட்ராண்ட்வாசி
பிப்ரவரி 3

போய் வந்தோம். வெள்ளி, திங்கள் என்று இரண்டு நாள் லீவு, நாலு நாள் டர்பன்.

காவடி கட்டிய அன்று காலை அக்கா வீட்டு முற்றத்தில் மஞ்சள் சாமந்தியும் எலுமிச்சையும் குவித்து வைத்திருந்தார்கள். என் மகளை உட்காரவைத்து ஊசியும் நூலும் கொடுத்து, பூவின் காம்பு நடுவே எப்படிக் குத்தவேண்டும் என்று அக்காவின் மகள் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் பேச வராது, இவளோ ஆங்கிலத்தில் கூச்சப்படுவாள். இரண்டு மணி நேரம் இருவரும் பேசாமலே ஒரு முழு ஆர்ச்சைக் கட்டி முடித்தார்கள். பிரம்பு வளைவின் ஒரு ஓரத்தில் பூ நெருக்கமாகவும் ஒரு ஓரத்தில் இடைவெளி விட்டும் இருந்தது. அக்காவின் கணவர் அதை அப்படியேதான் தோளில் ஏற்றினார், சரிசெய்ய விடவில்லை. ஊர்வலத்தில் "வேல் வேல்" என்று சத்தம் எழுந்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். பாளையங்கோட்டையில் தெருவில் கேட்ட அதே சத்தம்.

கட்டிங்மேசை ஐயாவையும் கோவிலில் பார்த்தோம். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சாளை மீன் வரும் சமயம் ஜூன் 16 செவ்வாய் அரசு விடுமுறை, திங்கள் ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் என்று அவரே கணக்குச் சொன்னார். புதுச் சுற்றில் எனக்கு இதுவரை 5 நாள் சேர்ந்திருக்கிறது. ஜூன் 15க்கு நேற்று இரவே மெயில் எழுதி வைத்தேன், இன்று காலை அனுப்பினேன். மனைவியும் அவள் கிளினிக்கில் கேட்டுவிட்டாள்.

பழைய சுற்றில் இன்னும் ஒரே ஒரு நாள் இருக்கிறது. மகள் பள்ளியில் மார்ச்சில் விளையாட்டு தினம். அதற்கு வைத்துக்கொண்டேன்.


சம்பளமேசை
பிப்ரவரி 3

தம்பி, ஜூன் 15க்குப் பதில் மெயில் வந்ததும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பார்க் ரைனியில் அறை கிடைப்பது கஷ்டம், மார்ச்சிலேயே சொல்லிவிடவேண்டும். வாளி மறக்காதீர்கள்.